வேனுக்குள் ஒரு குடித்தனம்!

மாசி மகத்துக்குக் கும்பகோணம் போகிறவன் அன்றைக்குப் போய் லாட்ஜில் ரூம் தேடக்கூடாது. நாங்கள் ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர் தேடினோம். ரிசப்ஷன்காரர் சிரித்தே அனுப்பி விட்டார். "விடுங்க ஸார், வேன்லயே படுத்துக்கலாம்" என்றார் டிரைவர். ஆக, இரண்டு ராத்திரிக்கு எங்கள் விலாசம், மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு காலி மனையில் நின்ற டெம்போ டிராவலர்!

குடித்தனம் என்றால் கரண்ட் வேண்டாமா? பக்கத்து டீக்கடையில் ராத்திரிக்கு நூறு ரூபாய் பேசி ஒயர் இழுத்தார் டிரைவர். பிளக் கிடையாது, ஓட்டையில் ஒயரைச் செருகி இரண்டு தீக்குச்சி. கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து ஒரு டேபிள் ஃபேன், ஐந்து செல்போன். கும்பகோணம் கொசுவை அறிந்தவர்கள் அந்த ஃபேனின் அருமையை அறிவார்கள்.

விடியற்காலை குளத்தில் முங்கிவிட்டு, ஈர வேட்டியும் வெறுங்காலுமாக வந்து வேன் கைப்பிடியைத் தொட்டேன். சுரீர்! முழங்கையில் சுத்தியலால் போட்ட மாதிரி. அலறிக்கொண்டு விழுந்தேன். உள்ளே படுத்திருந்த நண்பன், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே!" என்றான்.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்தார். ரிட்டயரான லைன்மேனாம். "யாரும் இறங்காதீங்க!" என்று அதட்டிவிட்டு வேனில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. கடைக்குள் போய் மெயினை அணைத்தார். கதவு அழுத்தியதில் ஒயரின் தோல் உரிந்து, செம்பு தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, வண்டி ரப்பர் டயர்ல நிக்குது. கரண்ட் பூமிக்குப் போக வழியில்ல. அதான் ஃப்யூஸும் போகலை, உள்ளே இருக்கறவனுக்கும் தெரியலை. ஈரக் காலை மண்ணுல வச்சு, கையை வண்டியில வச்சீங்க பாருங்க... நீங்கதான் வழி!"

ஃப்யூஸ் ஒயரைக் காப்பாற்றத்தானாம். ஆளைக் காப்பாற்ற வேறு சாமான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பே அதைவிட அதிகம் இழுக்குமாம். (நான் பி.காம்.; நண்பன் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.) அதை வேனுக்குள் மாட்டிப் பிரயோசனமில்லை, கரண்ட் எடுக்கிற இடத்தில் மாட்டணும், எர்த்தோடு மூணு பின் பிளக் போடணும் என்றார்.

அப்புறம் அண்ணாந்து பார்த்தார். "மேலேயும் பாருங்க தம்பி. களிமேடு ஞாபகம் இருக்கா?" 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூருக்குப் பக்கத்தில், அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்துப் போனார்கள். இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வண்டி மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருக்க வேண்டுமாம். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே தத்தித் தத்தி விலக வேண்டும். நண்பன் உடனே குதித்துப் பழகினான். டீக்கடையே வேடிக்கை பார்த்தது.

பணம் கொடுத்தோம், பெரியவர் டிகிரி காபி மட்டும் போதும் என்று விட்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தச் சாமானை வாங்கி, அவர் கையாலேயே மாட்டினோம். ஒயர் இப்போது ஜன்னல் வழி.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன் நின்றது. டிரிப் ஆகியிருந்தது. கொசுக்கடியில் எழுந்த நால்வரும் டார்ச் அடித்துத் தேடினார்கள்.

ஃபேன் மேல் ஈர வேட்டியைக் காயப் போட்டிருந்தவன் அடியேன்தான்.