மன்னார்க் கடலுக்கு எந்தப் பலகை?

'அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது' என்பது பழமொழி. மன்னார்த் தீவினர்க்கு இப்பழமொழி அவ்வளவாகப் பொருந்தாது. எமது வடகரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை ஓய்ந்தே கிடக்கின்றது. தலை முழுக வருவோனுக்கு அது வசதி. அலைமீது சறுக்க வருவோனுக்கோ பெரும் ஏமாற்றம்.

கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவருட் சிலர், விடுமுறையில் ஊர் திரும்புங்கால் தம் மைந்தரோடு அலைச்சறுக்குப் பலகைகளையும் கொண்டுவருகின்றனர். மீளும்போது அவற்றை எம் இளைஞர்க்கு அன்பளிப்பாக விட்டுச் செல்ல விழைவாரும் உளர். அன்பளிப்பு நன்றே. ஆயினும் அப்பலகை எந்தக் கடலுக்கு உரியது, எவனுடைய கால்களுக்கு உரியது என்னும் வினாக்களை எழுப்பாது அதனை ஒரு சிறுவன் கையிற் கொடுத்தல் தகாது.

பலகையின் இலக்கணம் எளியது. நீளமும் அகலமும் தடிப்பும் மிகுந்தால் அது நன்கு மிதக்கும். மெல்லிய அலையையும் பற்றிக்கொள்ளும். ஆனால் விரைந்து திரும்பாது. சிறிதும் மெலிதுமான பலகை நினைத்தவாறு திரும்பும். ஆனால் செங்குத்தாக எழும் வேகமான அலை அதற்கு வேண்டும், தேர்ந்த கால்களும் வேண்டும். ஹவாய்த் தீவினர் இவ்வேறுபாட்டைப் பண்டே அறிந்திருந்தனர். குக் என்னும் மாலுமியின் கப்பல்கள் அங்குச் சென்ற காலத்தில், 1779இல், அவருடைய அதிகாரிகள் இவ்விளையாட்டை வியந்து எழுதிவைத்தனர். அங்குத் தலைவர்க்கு 'ஓலோ' என்னும் நெடும்பலகையும், ஏனையோர்க்கு 'அலாயா' என்னும் குறும்பலகையும் இருந்தன. இன்று கனவளவை இலீற்றரிற் கணக்கிடுகின்றனர். தொடக்க நிலையினன் தன் எடை எத்தனை கிலோகிராமோ, ஏறக்குறைய அத்தனை இலீற்றரோ அதற்கு மேலோ கொண்ட பலகையைத் தேர்தல் வேண்டும். 8 அல்லது 9 அடி நீளமும் மேற்புறத்தில் மெத்தென்ற நுரைப்பூச்சும் உடையதாயின் மிக நன்று. தலையில் மோதினாலும் மண்டை பிளவாது. வெளிநாட்டுப் போட்டிகளிற் காணும் 6 அடிப் பலகையின் கனவளவு, அதில் ஏறுவோர் எடையிற் பாதிக்கும் குறைவே. அதன் அழகில் மயங்கி வாங்குவோர் பலர். அதன்மேல் எழுந்து நிற்போர் சிலர்.

கடலுக்கேற்ற கலத்தைத் தேரும் கலை எம்மவர்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிற் பேரலை நேரே வந்து உடைகின்றது. ஆகவே அங்குக் கட்டுமரம் தோன்றிற்று. மரங்களின் இடைவெளியால் நீர் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் அமிழாது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலரவிடுவர். கோலாமீன் பிடிக்கச் செல்வோர் ஏழு மரம் பிணைத்த பெருங் கட்டுமரத்தைக் கொண்டனர். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், ஐரோப்பியக் கப்பல்களின் படகுகள் அவ்வலையில் நொறுங்குமென்று அஞ்சி, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளையே அனைவரும் நம்பினர். அதே கரையிலுள்ள கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இன்று மீனவ இளைஞர் அலைச்சறுக்கிற் சிறந்து விளங்குகின்றனர். 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. கட்டுமரம் எழுந்த கரையே பலகைக்கும் ஏற்ற கரையாயிருத்தல் தற்செயலன்று.

மன்னாரின் நிலை வேறு. வடக்கே பாக்குக் குடா. அதன் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. மேற்கே சேது எனவும் ஆதாம் பாலம் எனவும் வழங்கும் மணற்றிட்டுத் தொடர். ஆழ்கடலிலிருந்து வரும் நெடிய அலை அத்திட்டுக்களிலும் ஆழமற்ற அடித்தரையிலும் மோதித் தன் வலுவை இழந்துவிடுகின்றது. தென்கரையில் எழுவதும் பெரும்பாலும் காற்றுக் கிளப்பும் குறுந்திரையே; அது முகத்தில் அறையும், பலகையைச் சுமவாது. ஆகவே அலைப்பலகை கொண்டுவரும் அன்பர்கள் அதனை வைகாசி முதல் புரட்டாசி வரை அறுகம்குடாவுக்கும், மார்கழி முதல் பங்குனி வரை வெலிகமவுக்கும் எடுத்துச் செல்க. வெலிகமவில் அடித்தரை மணல், புதியவர்க்கு உகந்தது. அறுகம்குடாவின் பெரிய முனையிலோ அடியிற் பாறையுண்டு.

மன்னாருக்கு இயற்கை அளித்த செல்வம் காற்று. தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 'தம்பபவனி' 2020இல் தொடங்கியதும் அதனாலேயே. எனவே இங்குத் தலைமன்னார்ப் பக்கத்து மணற்றிட்டுக்களின் நடுவே வெளிநாட்டார் வந்து ஆடுவது பட்டச் சறுக்கு: பெரும் பட்டம் இழுக்க, சிறு பலகைமேல் நின்று நீரைக் கிழித்துச் செல்லுதல். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதன் ஒரு வகை இடம்பெற்றது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை வானில் விண் பூட்டிய பட்டம் விடும் இளைஞர்க்கு இது கைவராத வித்தையா? எம் கரையில் எம் பிள்ளைகள் பார்வையாளராய் மட்டும் நிற்றல் எமக்கு உவப்பன்று.

இங்கும் தேர்வு உண்டு. 75 கிலோகிராம் எடையுள்ளவர்க்கு, மணிக்கு 20 கடல்மைல் வேகக் காற்றில் ஏறக்குறைய 10 சதுரமீற்றர்ப் பட்டம் போதும். 25ஐக் கடந்தால் 7 அல்லது 8. எடை குறைந்த மாணவனுக்கு இன்னுஞ் சிறிது. பலகையில் மாறாக, புதியவனுக்குப் பெரிதே நன்று. 145 சதமமீற்றரும் அதற்கு மேலும் உள்ள அகன்ற பலகை அவனை விரைவில் நீர்மேல் எழுப்பும். பெரிய பட்டமும் சிறிய பலகையும் வீரத்துக்கு அடையாளமென்று எண்ணும் இளைஞனைக் கரையிலேயே நிறுத்துக.

யாம் முக்கியமாகக் கூறவேண்டுவது இனித்தான். சோளகக் காலத்தில் தென்கரை கொந்தளிக்க, வடகரை கண்ணாடி போற் கிடக்கும். புதியவன் அந்த அமைதியை நம்பி அங்கே இறங்குவான். அங்கேதான் ஆபத்து. சோளகம் தீவைக் கடந்து வடகரையினின்று வெளியே கடலை நோக்கி வீசுகின்றது. கயிறு அறுந்தாலோ கை சோர்ந்தாலோ, அவனைப் பாக்குக் குடாவின் நடுவே கொண்டுபோய்விடும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகி, அமைதியான தென்கரை அவனை மன்னார் வளைகுடாவுக்குள் இழுக்கும். காற்றுக் கரையோரமாகச் சாய்ந்து வீசும் இடமே பயிலும் இடம். மீட்புப் படகு ஒன்று அருகில் நிற்றல் வேண்டும். பேசாலை மீனவர் எவரைக் கேட்பினும் இன்று காற்று எங்கே கொண்டுபோகுமென்று சொல்வர். கேளாது இறங்குவோன் எத்துணை விலையுயர்ந்த பலகை வைத்திருந்தும் பயனில்லை.

அவர்கள் வலை கிடக்கும் இடத்தையும் அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். பட்டக் கயிறு வலையிற் சிக்கின் இருசாராருக்கும் இழப்பு. சேதுத் திட்டுக்களில் ஒரு பகுதி தேசிய கடற்பூங்காவாதலின் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உள்ளன. 1974இல் வகுத்த எல்லைக் கோட்டுக்கு அப்பாலுள்ள திட்டுக்கள் இந்தியாவுக்கு உரியன.

அன்பளிப்பு அனுப்ப எண்ணும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். 6 அடிப் பளபளப்புப் பலகை வேண்டாம். அகன்ற பட்டப்பலகை இரண்டு, 7, 9 சதுரமீற்றர்ப் பட்டங்கள், தலைக்கவசங்கள், மிதவை அங்கிகள் ஆகியவற்றை அனுப்புக. இவற்றோடு முறையாகப் பயிற்றக்கூடிய ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு பருவ ஊதியமும் சேருமாயின், முதற்கண் அவரையே அழைப்போம்.