நாவப்பழமும் நுரை ஒயினும்

இந்த ஆடியில் சாரல் கொஞ்சம் கூடவே அடித்துவிட்டது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் என்றால் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் குளுகுளு. பந்தலில் பழம் வைத்திருக்கிறவனுக்கு வயித்துல புளி கரைக்கும். பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சையில் நாலு நாள் ஈரம் விடாமல் நின்றால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி கையால் தொட மாட்டார். கொத்துக்கு அஞ்சாறு பழத்தைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் அடுக்க வேண்டும். எனக்கு இருப்பது முக்கால் ஏக்கர் பந்தல். நறுக்கிப் போட்டதே தினமும் ரெண்டு அன்னக்கூடை சேர்ந்தது. மாட்டுக்குப் போட்டேன், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அப்படியும் தீரவில்லை.

அந்த நேரத்தில்தான் என் தம்பி மகன் நாசிக்கிலிருந்து லீவில் வந்தான். பெயர் வேண்டாம், படித்தால் கோவிப்பான்.

அவன் கேட்டரிங் படித்தவன். நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவிலேயே கட்டியிருக்கிற ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. போய் மூணு வருஷமாகிறது. என்ன வேலை என்பதில்தான் வில்லங்கம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி எனக்கு மட்டும் போன் போட்டு, "பெரியப்பா, என்னைய பார் கவுண்டருக்கு மாத்திட்டாங்க. சம்பளம் கூட. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க"ன்னான். நான் அவன் அம்மாகிட்ட, என் வீட்டுக்காரி மூலமாக, "பய ஜூஸ் கவுண்டர்ல இருக்கான்"னு சொல்லி வைத்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், என் தம்பி குடித்தே செத்தான். ஒன்பது வருஷமாகிறது. 41 வயசு. மஞ்சக்காமாலை வந்து, வயிறு வீங்கி, தேனி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக எட்டு மாசம். கடைசி வரைக்கும் அவன் வீட்டுக்குள் நுழையும்போது தம்பி பொஞ்சாதி கிட்டப் போய் வாயை மோந்து பார்ப்பாள். சண்டை போட மாட்டாள். மோந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் இருமல் மருந்து பாட்டில்கூட காலியானதும் வெளியே போய்விடும். அப்படிப்பட்டவளிடம் உன் மகன் பாரில் ஊத்திக் கொடுக்கிறான் என்று யார் சொல்வது?

பய வந்த மறுநாள் தோட்டத்துக்கு வந்தான். பையைத் திறந்து ஒரு பாட்டிலைக் காட்டினான். பச்சைக் கண்ணாடி, தடியான அடி, கழுத்தில் தங்கத்தாள். "நாசிக்ல செஞ்சது பெரியப்பா. வெளி மாநிலத்துல இருந்து கொண்டாந்தா வம்புன்னு மதுரையில ரசீதோட வாங்கினேன். அம்மாகிட்ட இந்தத் தடவை சொல்லிறலாம்னு இருக்கேன். வாயால சொல்ல வரல. செஞ்சு காட்டுனா புரிஞ்சுக்குமோ என்னவோ."

எனக்குக் கோவம்தான் வந்தது. ஆனாலும் ரெண்டு வருஷம் பொய்யைச் சுமந்தவன் நான். என்ன பேச முடியும்? "வீட்டுக்குள்ள வேண்டாம். இங்க பம்புசெட்டுல வச்சுப் பேசிக்கலாம். அவ சம்மதிச்சா திற. இல்லாட்டி அப்படியே எடுத்துட்டுப் போயிரணும்"னேன்.

அது என்ன சரக்கு என்று கேட்டேன். நுரைக்கிற ஒயினாம், ஸ்பார்க்ளிங் ஒயின். சாதாரண ஒயினை பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் மறுபடி சேர்த்து இறுக்க மூடிவிடுவார்களாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். போக வழியில்லாமல் அந்தக் காற்று ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கும். அப்புறம் பாட்டிலைத் தலைகீழாக்கி, செத்த ஈஸ்டைக் கழுத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றிவிட்டு, தக்கை போட்டுக் கம்பி கட்டுவார்கள். நம்ம வீட்டு இட்லி மாவு பொங்குகிற அதே சங்கதிதான். மாவுச்சட்டியில் காற்று வெளியே போய்விடுகிறது, இதில் அடைபட்டுக் கிடக்கிறது. காரு டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூணு பங்கு அழுத்தம் உள்ளே இருக்குமாம். அதனால்தான் கண்ணாடி அவ்வளவு தடி.

"கோலி சோடா மாதிரி சொல்லு"ன்னேன்.

"அதேதான் பெரியப்பா. கோலி சோடா பாட்டிலும் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுதான். காட்னு ஒருத்தர், 1872ல. உள்ள இருக்க காத்தே கோலியை மேல தள்ளி ரப்பர்ல அடைச்சுக்கிரும். இதுல தக்கை."

பழத்தோடு இந்த ஒயினைச் சேர்ப்பது வெளிநாட்டில் பழைய வழக்கமாம். இத்தாலியில் வெனிஸ் ஊரில் வெள்ளைப் பீச் பழத்தை மசித்து ஊற்றுவது பெல்லினி. பிரான்ஸில் டிஜோன் என்று ஒரு ஊர், அங்கே மேயராக இருந்த கீர் என்ற பாதிரியார் பெயரிலேயே ஒரு பானம் இருக்கிறது. கருப்பு கரன்ட் என்று ஒரு சின்னப்பழம், அதில் செய்த மதுவோடு ஒயின் சேர்த்தது. பாதிரியார் பெயரில் மதுவா என்று என் வீட்டுக்காரி அன்று முழுக்கச் சிரித்தாள். நாசிக் ஹோட்டலில் குளிர்காலத்தில் மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெர்ரி போடுவார்கள், மழை ஆரம்பித்தால் நாவப்பழம். மராத்தியில் அதற்கு ஜாம்புள் என்று பெயர்.

"இந்த மாதிரி பெர்ரிப் பழம்தான் இதுக்குச் சேரும் பெரியப்பா"ன்னான்.

"நம்ம ஊர்ல ஏதுடா பெர்ரி?"

"திராட்சை பெர்ரிதான். நாவப்பழமும் பெர்ரிதான். தாவர நூல்படி பாத்தா ஸ்ட்ராபெர்ரிதான் பெர்ரி இல்ல."

அப்படிப் பார்த்தால் நான் முப்பது வருஷமாகப் பெர்ரி விவசாயி. இது தெரியாமல் கிலோ 25 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓடைக்கரையில் எங்களுக்கு ஒரு நாவமரம் உண்டு. நானும் தம்பியும் சின்னதில் அதில் ஏறி வாயெல்லாம் ஊதாவாகி வந்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். அவன் மகன் கீழே சாக்கை விரித்துவிட்டு, கிளையைக் குச்சியால் தட்டினான். அரைப்படி தேறியது. நாவப்பழம் தரையில் விழுந்தால் மண் அப்பிக்கொள்ளும், தோல் கிழியும். சாக்கு கட்டாயம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஒயின் இல்லாமலும் செய்யலாம். நாவப்பழத்தை உப்புத் தண்ணியில் அலசி, கையால் பிசைந்து கொட்டையை எடுத்துவிட வேண்டும். நாலு கை பழத்துக்கு ஒரு கை சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெல்லம் போட வேண்டாம், நிறம் மங்கிவிடுகிறது. சர்க்கரை போட்டு அரைமணி நேரம் வைத்தால் பழம் தானாகத் தண்ணி விடும். நாவலின் துவர்ப்பு அப்போதுதான் கொஞ்சம் அடங்குகிறது. திராட்சையையும் கையால்தான் பிசைய வேண்டும். என் வீட்டுக்காரி மிக்சியில் போடப் போனாள், பய ஓடி வந்து பிடுங்கினான். விதை அரைபட்டால் கசந்துவிடும். ரெண்டையும் வேட்டித் துணியில் வடிகட்டி, எலுமிச்சை பாதி பிழிந்து, நன்றாகக் குளிரவைக்க வேண்டும். எங்களுக்கு பம்புசெட்டில் ஃபிரிட்ஜ் ஏது? பெட்டிக்கடையில் ஐஸ்கட்டி வாங்கி, பழச்சாறு, சோடா, ஒயின் மூணையும் ஒரே வாளியில் இறக்கினோம். சாறு சூடாக இருந்தால் ஊற்றின உடனே பொங்கி வழிந்துவிடுமாம்.

நறுக்கிப் போட்ட பழத்துக்கு அந்த வாசம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பன்னீர் திராட்சைக்கு அந்தப் பெயரே அந்த ரோசாப்பூ வாசத்தால்தான். தினமும் அதற்குள்ளேயே கிடப்பதால் எங்கள் மூக்குக்கு அது மரத்துப்போய்விட்டது. நாவலோடு சேர்ந்ததும் பம்புசெட் முழுக்க மணந்தது.

சாயங்காலம் தம்பி பொஞ்சாதி வந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் வாசப்படியிலேயே நின்றுவிட்டாள்.

பய சொல்லிவிட்டான். ஜூஸ் கவுண்டர் இல்லம்மா, பார். ரெண்டு வருஷமா. அவன் குரல் பிசிறடித்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. நான் மூத்தவன் என்பதால் என்னிடம் நேராகப் பேசவும் மாட்டாள், என் வீட்டுக்காரியிடம்தான் பேசுவாள். "யக்கா, அவுகளுக்கு இது தெரியுமான்னு கேளு."

நான் தலையைக் குனிந்துகொண்டே "தெரியும்"னேன்.

"எத்தன நாளாத் தெரியும்னு கேளு."

"ரெண்டு வருஷமா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மோட்டார் ரூம் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அவள் எழுந்து போகாததே பெரிசு என்று பய மெதுவாக வேலையை ஆரம்பித்தான். முதலில் அவளுக்கு. டம்ளரில் கால்வாசி சாறு, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக சோடா. நேராக ஊற்றினால் காற்று போய்விடும். கரண்டி போட்டுக் கலக்கக்கூடாது, ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேலே தூக்கிவிட்டால் போதும். அடியில் கருநீலம், மேலே வரவர ரோஸ், உச்சியில் வெள்ளை நுரை. மேலே ரெண்டு திராட்சையைப் போட்டான், அது குமிழியோடு ஏறி இறங்கி விளையாடியது.

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அதுல என்ன இருக்கு?" பாட்டிலைக் காட்டிக் கேட்டாள். மகனிடம்தான் கேட்டாள்.

"திராட்சைம்மா. நூத்துக்கு 12 பங்கு ஆல்கஹால். அப்பா குடிச்ச பிராந்தில 42 பங்குக்கு மேல இருக்கும்."

"கொஞ்சமா இருந்தா விஷம் இல்லையா?"

பயலிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "நான் குடிக்கிறதில்லம்மா. ருசி பாக்கணும், வேலை அது. வாயில வச்சுக் கொப்புளிச்சுத் துப்பிருவோம். அதுக்குன்னே வாளி வச்சிருப்பாங்க. அங்க எல்லாரும் அப்படித்தான்."

"துப்புவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப செஞ்சு காட்டு."

அவன் கம்பியை முறுக்கி அவிழ்த்தான். தக்கையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தக்கையைத் திருகாமல் பாட்டிலைத் திருகினான். சினிமாவில் மாதிரி டமால் என்று வெடிக்கும் என்று நான் நகர்ந்து நின்றேன். உஸ் என்று ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், அவ்வளவுதான். சத்தம் வந்தால் வேலை தெரியாதவன் என்று அர்த்தமாம். நாவச்சாறு மேல் அதை ஊற்றினான். மோந்தான், ஒரு வாய் வைத்தான், கன்னத்துக்குள் உருட்டினான். கண்ணை மூடியிருந்தான். அப்புறம் வாய்க்கால் ஓரமாகப் போய்த் துப்பினான்.

தம்பி பொஞ்சாதி எழுந்து போய் அவன் முகத்துக்குக் கிட்ட நின்று மோந்து பார்த்தாள். ஒன்பது வருஷம் கழித்து அதைப் பார்க்கிறேன். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, மாட்டை அவிழ்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் சோடா கலந்த டம்ளரைப் பாதி குடித்திருந்தாள். நாக்கெல்லாம் ஊதா. "உப்பு தூக்கலா இருக்கு"ன்னாள். உண்மைதான், தூக்கலாகத்தான் இருந்தது. நானும் சோடா போட்டதுதான் குடித்தேன். ஒயின் போட்டதை யாரும் குடிக்கவில்லை. மிச்சத்தைப் பய வாய்க்காலில் கவிழ்த்தபோது திராட்சைப் பாத்தி வரைக்கும் நுரைத்துக்கொண்டு போனது. மதுரையில் 1,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தானாம். என் கணக்குக்கு 40 கிலோ பழம்.

அவன் ஊரில் இருந்த மிச்ச நாளும் அவள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். என்னைப் பற்றி என் வீட்டுக்காரியிடம், "அவுக சொல்லியிருக்கணும்"னு ஒரே ஒரு தடவை சொன்னாளாம். கிளம்புகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து, அங்கே திராட்சை கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று மகனிடம் கேட்டாள். அவன் சொன்ன விலையைக் கேட்டு என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக நேராக என்னிடம், "கேட்டீகளா?"ன்னாள்.

இப்போது தினமும் ராத்திரி அவனுக்குப் போன் போடுகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சாப்பிட்டியா, மழையா, இதெல்லாம் அப்புறம்தான்.

"இன்னைக்குத் துப்புனியாடா?"