உமியை அள்ளிப் பிடித்துப் பார்

கல்லாற்றில் மழை விட்ட பிறகும் வெகுநேரம் மரம் சொட்டிக்கொண்டிருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற இடம். ஆற்றின் உருண்டைக் கற்களையும் மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுப் பாதையையும் படமெடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழை. இடைப்பட்ட மாதங்களிலும் மலைச்சரிவில் மேகம் சும்மா இருக்காது. இந்த ஈரத்தில் கோழிக்குஞ்சு வளர்ப்பது வம்பை விலைக்கு வாங்குகிற காரியம். அதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு அக்காவைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அவருடைய அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்குக் கொழுந்து கிள்ள வந்தவர். அக்கா பிறந்து வளர்ந்தது மலையில். கல்யாணமாகிக் கல்லாற்றுக்கு இறங்கினார். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். பிறந்து ஒரு நாளான குஞ்சுகளை வாங்கி, ஒன்றரை இரண்டு மாதம் வளர்த்து, வீட்டு முட்டைக்காக நாலைந்து கோழி வைத்துக்கொள்கிறவர்களுக்கு விற்கிறார். கேரளத்தில் இதற்கு எக்கர் நர்சரி என்று பெயர். பெரும்பாலும் கிராமஸ்ரீ, திருச்சூர் மண்ணுத்தியில் உருவாக்கிய இனம், புறக்கடையில் தாக்குப்பிடிக்கும். ஆனால் தாக்குப்பிடிக்கிற வயதுக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள்தான் எல்லாம் நடக்கிறது. குஞ்சுப் பருவத்தில் வருகிற கேட்டில் பெரும்பங்கு வயிற்றில் வருவது.

“அண்ணாச்சி, உள்ள வராண்டாம். அந்தச் சுண்ணாம்புத் தட்டுல மிதிச்சிட்டு இங்கனயே நில்லுங்க.” கொட்டகைக்கு வெளியே என்னை நிறுத்திவிட்டு அவரும் நின்றார். கையில் தீவன வாளி இல்லை. வலைக்கு இந்தப் பக்கம் சத்தம் காட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். வாளியோடு உள்ளே போனால் சீக்குக் குஞ்சும் மற்றதோடு சேர்ந்து ஓடிவரும். நோவை மறைக்கிற சாதி அது. இளைத்தது எதுவென்று தெரிந்தால் மற்றவை கொத்திவிடும். ஆள் வந்தது தெரியாதபோதுதான், ஓரத்தில் இறகைத் தொங்கவிட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண் செருகி நிற்பது எது என்று தெரியும். அன்றைக்கு ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் டார்ச்சை அடித்துத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

எச்சம் பார்ப்பது ஒரு படிப்பு. நல்ல எச்சம் பழுப்பும் பச்சையும் கலந்து கெட்டியாக, தலையில் வெள்ளைப் பூச்சோடு இருக்கும். அந்த வெள்ளை, சிறுநீரகக் கழிவு. சில தடவைக்கு ஒரு தடவை சாக்லேட் நிறத்தில் பிசுபிசுவென்று, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு ஒன்று போடும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானதுதான். புதிதாக வளர்க்கிறவர்கள் இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். வேண்டாத ஆன்டிபயாடிக்கைக் கரைத்து ஊற்றி நல்ல குடலைக் கெடுக்கிறார்கள். தண்ணீராகப் போவது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போவது, புல்பச்சையாகப் போவது, ரத்தம் கலந்து போவது ஒவ்வொன்றும் வேறு வேறு கதை. நிறத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. குஞ்சுக்கு என்ன வயது என்பதைச் சேர்த்துக் கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

முதல் வாரத்தில் அக்காவின் பயமெல்லாம் பின்புறம் அடைத்துக்கொள்வதுதான். குளிரடித்தாலோ வண்டியில் வந்த அலுப்பிலோ கழிச்சல் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயை மூடிவிடும். கவனிக்காவிட்டால் மறுநாள் குஞ்சு இருக்காது. அதை அவர் எடுக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒட்டிய இடத்தில் வைத்தார். ஊறும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிய்க்கவே இல்லை. பிய்த்தால் தோல் கூடவே வந்துவிடும், ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை கொத்தும். பிசுக்குக் கரைந்து வழிந்ததும் துடைத்து, ஈரம் போகத் துணியில் பொதிந்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, பல்புக்கு அடியில் விட்டார். “பொக்கிள்னு தெரியாம அதையும் சொரண்டி எடுத்துருவாங்க சில பேரு” என்று வயிற்றுப் பக்கம் தொப்புளின் காய்ந்த பொருக்கைக் காட்டினார். அதைப் பிடுங்கினால் கிருமி நேராக மஞ்சள் கரு இருக்கும் பைக்குப் போய்விடும்.

ஒன்றிரண்டுக்கு ஒட்டினால் குளிர் என்று எடுத்துக்கொள்ளலாம். கூட்டமாக வெளுத்த கழிச்சல் ஒட்டி, கீச்சிட்டுக்கொண்டே சாகத் தொடங்கினால் அது புல்லோரம் என்கிற சால்மொனெல்லா வகையாக இருக்கலாம். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகிற நோய். பிழைத்தவையும் காலமெல்லாம் கிருமியைச் சுமக்கும். அப்போது பஞ்சும் வெந்நீரும் போதாது, ஆய்வகம் வேண்டும்.

குளிரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். அக்காவிடம் வெப்பமானி இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பார்த்து நான் பார்க்கவில்லை. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். சுவரோரம் போய் வாயைத் திறந்து நின்றால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி. கல்லாற்றில் காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகும். அதற்காக மண்சட்டியில் கரி தயாராக இருக்கிறது. ராத்திரி ஒரு தடவை எழுந்து வந்து இரைப்பையைத் தொட்டுப் பார்க்கிறார். கழுத்துக்குக் கீழே நிறைந்து, மெத்தென்று இருக்க வேண்டும். காலையில் காலியாகியிருக்க வேண்டும். கல்லாகக் கிடந்தால் உமியையோ நாரையோ விழுங்கி அடைத்திருக்கிறது. தளும்பிப் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துவிட்டது. உமி தின்னாமலிருக்கத்தான் முதல் சில நாள் அதன்மேல் சொரசொரப்பான காகிதம் விரித்துத் தீவனத்தைத் தூவுவது.

மூன்றாவது வாரம் தொடங்கியதும் பயம் இடம் மாறுகிறது. இனி ரத்தக் கழிச்சல், மலையாளத்தில் ரக்தாதிசாரம். ஐமீரியா என்கிற ஓரணு ஒட்டுண்ணி குடல் சுவரின் அணுக்களுக்குள் புகுந்து பெருகி உடைத்துக்கொண்டு வெளியேறுவதால் வருவது. கோழியைப் பிடிக்கும் இனங்களே பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் குடலில் சொந்த இடம். ரத்தம் கொட்ட வைப்பது டெனெல்லா, அது குடியிருப்பது குருட்டுக்குடலில். எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை போன்ற கூடு உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்து, ஒன்றிரண்டு நாள் முதிர்ந்தால்தான் தொற்றும். அந்த மூன்றையும் கல்லாறு இலவசமாகத் தருகிறது.

நான் இருந்தபோதே பக்கத்து வளவிலிருந்து ஒருவர் செத்த குஞ்சைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அக்காவுக்குத் துணை. எல்லோருக்கும் அவர் ‘சார்’. சார் முதலில் கேட்டது, எத்தனை செத்தது, எத்தனை நாளில் என்று. ஒரே ராத்திரியில் கூட்டமாகச் செத்திருந்தால் பையைத் திறக்கவே மாட்டாராம். ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் பார்த்த மாநிலம் இது, நேராக மருத்துவமனைக்குச் சொல்லிவிடுவார். இது அப்படியில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, குஞ்சை நனைத்து இறகு பறக்காமல் ஆக்கி, வாழையிலையில் மல்லாத்தினார்.

தோலை உரித்ததும் சதை வெளிறியிருந்தது. “ரத்தம் போயிருக்கிறது.” கத்தரியால் வயிற்றைத் திறந்து ஈரலைப் பார்த்தார், அரைவைப்பையைப் பார்த்தார், குடலை நீளமாகப் பிரித்து வைத்தார். அதன் கடைசியில் இரண்டு கிளையாகப் பிரியும் குருட்டுக்குடல் இரண்டும், ரத்தம் குடித்துத் தானே உதிர்ந்த அட்டை போலக் கறுத்து உப்பியிருந்தன. நுனியைக் கத்தரித்ததும் கட்டிபட்ட ரத்தம் சரிந்தது. ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சுரப்பியையும் விடாமல் தேடி எடுத்தார். அது வீங்கியிருந்தால் கம்போரோ. அந்த நோயும் இதே வயதில்தான் வரும், அதிலும் கழிச்சல் உண்டு. பர்சா சாதாரணமாக இருந்தது.

சார் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. டெனெல்லா உள்ளே போய் ஐந்தாம் நாளில் ரத்தம் வரும்; ஆனால் கூடுகள் எச்சத்தில் வர ஆறேழு நாள் ஆகும். ரத்தத்தைக் கண்டவுடன் எச்சத்தை மட்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு வந்துவிடலாம். கொண்டுபோக வேண்டியது குஞ்சை. குடல் சவ்வைச் சுரண்டி, உப்புநீர்த் துளியில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். குஞ்சை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம், ஃபிரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் திசு சிதைந்துவிடும். இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி, பாலோடு பக்கம். கால்நடை நோய்களுக்கான மாநில நிலையமும், தடுப்பூசி தயாரிக்கும் நிலையமும் அங்கேதான். ராணிக்கெட்டுக்குக் கண்ணில் விடும் தடுப்பு மருந்தை முதல் வாரமே அக்கா விட்டுவிடுகிறார். அந்த நோய்க்கு இங்கே கோழிவசந்த என்று பேர், நம் பக்கம் வெள்ளைக் கழிச்சல். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. இவ்வளவு பக்கத்தில் ஆய்வகம் இருந்தும், செத்த குஞ்சை ஆற்றோரம் வீசிவிட்டு மருந்துக் கடையில் போய் நிற்கிறவர்களே அதிகம். மீதிக் குஞ்சுகளைக் காப்பாற்றும் ஒரே தடயத்தையும் நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள்.

ரத்தக் கழிச்சலுக்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தது ஆம்புரோலியம். 20 சதவீதப் பொடியை லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் ஐந்து நாள், பிறகு அதில் கால் பங்கு ஒரு வாரம். சீக்குக் குஞ்சு தீவனம் தொடாவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால் தண்ணீரில். இந்த மருந்து வேலை செய்கிற விதம் அழகானது. தயமின் என்ற பி1 வைட்டமினின் சாயலில் இருப்பதால் ஒட்டுண்ணி அதை ஏமாந்து எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. விஷயம் தெரியாதவர்கள் ‘குஞ்சு தளர்ந்துவிட்டதே’ என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸையும் ஊற்றுகிறார்கள்; மருந்து வீணாகிறது. அந்த ஐந்து நாளும் ரத்தம் உறைய வைட்டமின் கே போதும், பி பிறகு.

லட்சுமிக்குட்டி அம்மாவின் காடு இது. கல்லாற்றின் காணி சமூகத்தவர், பச்சிலை வைத்தியத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அப்படிப்பட்ட ஊரில் கோழிக்கும் பச்சிலை கேட்கத்தான் செய்வார்கள். அக்காவும் சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துத் தவிட்டில் பிசைந்து கொடுக்கிறார். மந்தமாக இருக்கிற குஞ்சு இரை எடுக்கிறது என்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் கண்ட குஞ்சுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரமில்லை. ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

மருந்தைவிட உமியில்தான் அக்காவின் உழைப்பு போகிறது. ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தார். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் நல்லது. பொடியாகப் பறந்தால் அதுவும் ஆகாது, மூச்சடைக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் உருண்டை நின்றது. அந்த வட்டத்தை அப்படியே வாரி வெளியே கொட்டி, சுண்ணாம்பு தூவி, புது உமி போட்டு, பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல் வைத்து ஏற்றினார். தினமும் ஒரு தடவை முழுத்தரையையும் கிளறிவிட வேண்டும். பினாயில் ஊற்றினால் போதாதா என்று கேட்டேன். கூட்டின் ஓடு பினாயிலுக்கு அசையாது என்றார் சார்; அதைக் கொல்வது உலர்வும் வெப்பமும். போதாக்குறைக்கு பினாயில் தண்ணீர் தரையை இன்னும் நனைக்கும்.

அப்படியானால் கம்பிக் கூண்டில் வளர்த்துவிடலாமே? எச்சம் கீழே விழுந்துவிடும், தொற்றே இருக்காது. அக்கா ஒரு பேட்ச் அப்படி வளர்த்துப் பார்த்தவர். ஒரு குஞ்சுக்கும் கழிச்சல் வரவில்லை. விற்றுப் போய், வாங்கியவர் வீட்டு மண்ணில் கால் வைத்த இரண்டாவது வாரத்தில் வரிசையாக விழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகளை விழுங்கினால்தான் குஞ்சுக்கு எதிர்ப்பு வரும். ஒரு இனத்துக்கு வந்த எதிர்ப்பு இன்னொன்றுக்கு உதவாது. மண்ணையே பார்க்காமல் வளர்ந்தது ஒன்றும் இல்லாமல் போய் நிற்கிறது. பழி மட்டும் விற்றவருக்கு. இப்போது தரையில்தான் வளர்க்கிறார். தொற்று அறவே இருக்கக் கூடாது என்பதல்ல, மிஞ்சக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்த மட்டத்தில் நிறுத்தி வைப்பது மருந்துக் கடையில் கிடைக்காத வேலை. ஒரு வாரம் விடாமல் பெய்தால் கைமீறிப் போகிற வேலையும்கூட. அதற்கு யாரும் குஞ்சுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருவதில்லை.

நான் கிளம்புகிற நேரத்தில் விதுராவிலிருந்து போன். வாங்கிப் போன குஞ்சில் ஒன்று தூங்கி விழுகிறதாம். “எச்சத்துல சோர உண்டா? கூட்டுக்கு அடியில நனவு உண்டா, கையில அள்ளிப் பாத்தீங்களா?” சோர என்றால் ரத்தம், நனவு என்றால் ஈரம். அந்தப் பக்கம் மருந்தின் பெயரைத்தான் கேட்டார்கள் போல. “மருந்து டாக்டர் சொல்லுவாரு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. முதல்ல தண்ணிப் பாத்திரத்தத் தூக்கி வேற எடத்துல வைங்க, நனஞ்சத வாருங்க. சுணங்கினதத் தனியா போடுங்க.” போனை வைத்ததும் சுவரில் தொங்கிய நோட்டை எடுத்து, அதே பேட்ச்சில் வாங்கிப் போன மற்றவர்களின் எண்களைத் தேட ஆரம்பித்தார்.