மெழுகுக்குள் இருந்த விடை

2022-ல் ஒரு இரவு, நாக்பூரிலிருந்து மும்பைக்கு விதர்பா எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். கைப்பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெழுகுத் துண்டு. அதற்குள் என் ஒன்பது வயது மகளின் சிறுமூளையிலிருந்து வெட்டியெடுத்த கட்டியின் ஒரு துணுக்கு. வெயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடியும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய இரண்டு மாதங்களாக அவளுக்குக் காலையில் தலைவலி, வாந்தி. பள்ளிக்கூடம் போக அடம் என்று நினைத்தோம். பிறகு வயிற்றுக் கோளாறு என்றார்கள். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கண் டாக்டர்தான் விழி நரம்பு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். நான்காம் நாள் அறுவை சிகிச்சை.

அறிக்கையில் இரண்டே வரிகள். மெடுல்லோபிளாஸ்டோமா, நான்காம் தரம். குழந்தைகளைத் தாக்கும் கொடிய மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். மும்பை டாக்டர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, "சரி, இதில் எந்த வகை?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

மைக்ராஸ்கோப்பில் ஒரே நோயாகத் தெரிவது உண்மையில் நான்கு நோய்கள் என்று 2012-ல் விஞ்ஞானிகள் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2016-ல் உலக சுகாதார நிறுவனமும் தன் வகைப்பாட்டில் மரபணு அடையாளங்களைச் சேர்த்தது. டபிள்யூ.என்.டி. என்ற வகையில், முறையாக சிகிச்சை பெறும் குழந்தைகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள். மூன்றாம் பிரிவு என்ற வகையோ மிகவும் மோசமானது. அறிக்கையின் அந்த இரண்டு வரிகள் எல்லோருக்கும் பொது. என் மகளுக்கான பதில் மெழுகில்தான் இருந்தது.

நவி மும்பையில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், மெழுகில் பாதுகாத்த திசுவிலிருந்தே வகையைக் கண்டுபிடிக்கும் மரபணுச் சோதனையை 2013-ல் வெளியிட்டார்கள். திசுவை உறைய வைக்க வசதியில்லாத ஊர்களுக்கு இது பெரிய விஷயம். மெழுகு எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆனால் அந்த மெழுகை வாங்க எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில், "அது எங்கள் ரெக்கார்டு, மனு கொடுங்கள்" என்றார் குமாஸ்தா. மனு கொடுத்தால் கையெழுத்துப் போடுபவர் விடுமுறையில். கதிர்வீச்சை ஐந்தாறு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த ஒன்பது நாட்களும் நான் ஒரு அலமாரிச் சாவிக்காகக் காத்திருந்தேன்.

விடை வந்தது: டபிள்யூ.என்.டி. என் மனைவி அழுதுவிட்டாள். நான் பேராசைப்பட்டேன். நல்ல வகைதானே, தண்டுவடத்துக்குக் கதிர்வீச்சு வேண்டாமே? வளரும் மூளையையும் முதுகெலும்பையும் அது என்ன செய்யும் என்று படித்திருந்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டாடாவிலேயே அதை முயன்று பார்த்தார்களாம். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்ததில் சில குழந்தைகளுக்கு நோய் வேறு இடத்தில் திரும்பியது. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். "நல்ல வகை என்பது சிகிச்சைக்குப் பணியும் வகை. சிகிச்சையே வேண்டாத வகை அல்ல" என்றார்.

முப்பது நாள் கதிர்வீச்சு. முதல் 13 நாள் தலையிலிருந்து தண்டுவடத்தின் அடிவரை, மொத்தம் 23.4 கிரே. மீதி 17 நாள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும். நோய் பரவியிருந்தால் அந்த 23.4 என்பது 36 ஆகியிருக்கும். பிறகு மாதக்கணக்கில் கீமோதெரபி.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். வகுப்பில் அவள்தான் குள்ளம். பெருக்கல் கணக்குக்கு மற்றவர்களைவிட நேரமாகிறது. மருந்தினால் மெல்லிய ஒலிகள் காதில் விழுவதில்லை. "அப்பா, குயில் கத்துதா?" என்று என்னிடம்தான் கேட்கிறாள்.

இதே அறிக்கையோடு யாராவது பெற்றோர் என்னிடம் வந்தால் ஒன்றுதான் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த அன்றே மெழுகு பிளாக்கைக் கேட்டு மனு கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடுபவர் விடுமுறையில் போவதற்கு முன்.