எல்லைக்கோடு போன வழி

நம் வீட்டுப் பரணில் பழைய தேசப்படப் புத்தகம் ஒன்று இருக்கிறது. 1914-ல் மூண்ட மகா யுத்தத்துக்கு முன் அச்சானது. மழை நாட்களில் அதைப் புரட்டுவது நமக்கு வழக்கம். டிக்கெட் இல்லாத யாத்திரை அல்லவா! அப்படி ஒரு நாள் ஹங்கேரியின் வடகிழக்கு மூலையில் மாராமரோஷ் என்ற ஜில்லாவைக் கண்டோம். இன்றைய ஹங்கேரிப் படத்தில் அது இல்லை. எங்கே போயிற்று என்று ஆராயப் புகுந்தோம்.

உண்மையில் அது எங்கும் போய்விடவில்லை. கார்ப்பேதிய மலைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கரிய திஸா, வெள்ளைத் திஸா என்னும் இரண்டு ஆறுகள் ராகிவ் என்ற ஊரின் அருகே கூடி, திஸா நதியாக இன்றும் ஓடுகின்றன. முற்காலத்தில் அம்மலைநாட்டு உப்பும் மரமும் அந்நதியின் வழியேதான் சமவெளிக்குச் சென்றன. இடம் மாறியவை மனிதர் போட்ட கோடுகளே.

1910-ம் வருஷத்துக் கணக்குப்படி அங்கே சுமார் 3,57,000 ஜனங்கள் இருந்தார்கள். ருதேனியர் பாதிக்குச் சற்றுக் குறைவு; அடுத்தபடி ருமேனியர். யித்திஷ் பேசிய யூதர்களைப் பெரும்பாலும் ஜெர்மன் பாஷைக்காரர்களோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். ஆண்டவர்களின் ஹங்கேரிய பாஷையைப் பேசியவர் ஏழு பேரில் ஒருவர்தான். 1913-ல் பேலா பார்டோக் என்ற ஹங்கேரிய சங்கீத மேதை அங்கே கிராமம் கிராமமாகச் சென்று சேகரித்தது, ருமேனியக் குடியானவர்களின் பாட்டுகளை! பாட்டுக்கு எல்லை ஏது?

1920-ல் ட்ரையனான் ஒப்பந்தம் ஜில்லாவை இரண்டாகப் பிளந்தது. தலைநகரான ஸிகெத் ருமேனியாவுக்குப் போயிற்று. திஸாவின் அக்கரையும் வடக்கே உள்ள பெரும் பகுதியும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சேர்ந்தன. வடபகுதியில் உள்ள கூஸ்ட் நகரில் 1910-ல் ஒரு பெண் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். பிறந்தது ஹங்கேரியில், வளர்ந்தது செக்கோஸ்லோவாக்கியாவில். 1939 மார்ச் 15-ல் அவள் ஊரிலேயே கார்ப்பதோ-உக்ரேன் என்ற சுதந்திர நாடு பிரகடனமாயிற்று. மறுநாளே ஹங்கேரியப் படை உள்ளே நுழைந்தது. 1945-ல் சோவியத் பிரஜை. 1991-ல் உக்ரேன் பிரஜை. அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. தேசங்கள்தாம் அவள் வீட்டுக்கு வந்து வந்து போயின.

இதைப் படித்துச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. 1940-ல் ஸிகெத்தும் மறுபடி ஹங்கேரியின் கைக்கு வந்திருந்தது. 1944 மே மாதத்தில் அந்நகரத்து யூதர்களை ரயில் வண்டிகளில் அடைத்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தாய், தகப்பன், தங்கை மூவரையும் பறிகொடுத்து உயிர் பிழைத்த அவன்தான், 1986-ல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற எலீ வீஸல். யுத்தம் முடிந்ததும் ஸிகெத் ருமேனியாவுக்கே திரும்பியது. ரயிலேறிப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

பிரிந்த மண் சேரலாம். இடிந்த பாலமும் எழலாம். ஸிகெத்தையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் 2007-ல் மீண்டும் திறக்கப்பட்டது. 2022-ல் உக்ரேனில் யுத்தம் பெருகியபோது, தாய்மார்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் வழியே நடந்துவந்து ஸிகெத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். ஒரு காலத்தில் ஒரே ஜில்லாவாக இருந்த இரண்டு கரைகள், அந்தச் சில நாட்களாவது உறவை நினைவுகூர்ந்தன.

தேசத்தை நேசிக்கிறவர்கள் நாம். எல்லை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேசம் என்று சொல்லும்போது நம் மனக்கண் முன் நிற்பது படத்தின் வர்ணமா, அங்கே அடுப்பு மூட்டி வாழும் ஜனங்களா? மாராமரோஷ் நம்மை இந்தக் கேள்வி கேட்கிறது. புத்தகத்தை மூடிப் பரணில் வைத்துவிட்டோம். கேள்வியை வைக்க மட்டும் பரண் அகப்படவில்லை.