பொங்கல் வரைக்கும் பார்ப்போம்

அமெரிக்காவின் பீகாக் தளத்தில் 2025 செப்டம்பரில் வெளியான ‘தி பேப்பர்’ தொடரின் தொடக்கக் காட்சிகளில் செய்தித்தாளை யாரும் படிப்பதில்லை, எதையாவது பொதிகிறார்கள், துடைக்கிறார்கள், கீழே விரிக்கிறார்கள், நலிந்துபோன ஒரு பத்திரிகையின் கதைக்கு அது சரியான வாசல்தான், ஆனால் அந்தச் சில நொடிகளில் என்னிடம் வந்து சேர்ந்தது மையும் கடலை எண்ணெயும் கலந்த வாசனை, சோழவந்தானில் தாத்தா வீட்டு அடுக்களையில் பாட்டி வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் வடியப் பரப்பிவைக்கும் பழைய தாளின் வாசனை.

மதுரையிலிருந்து காலை ரயிலில் வரும் பேப்பருக்காகத் தாத்தா திண்ணையில் காத்திருப்பார், கொடிக்கால் ஊர் என்பதால் விடிந்ததுமே தெருவெல்லாம் ஈர வெற்றிலையின் காரமான மணம், வெயில் திண்ணைத் தூணிலிருந்து இறங்கித் தரையைத் தொடுவதற்குள் முதல் பக்கம் முடிந்திருக்கும், அப்புறம் தலையங்கம், ஏல அறிவிப்பு, காலமானார், ஒரு வரி விடமாட்டார். புதிதாக யாராவது பத்தி எழுதத் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்றைக்கே தாத்தாவிடம் அபிப்பிராயம் கேட்பார்கள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “எழுதட்டும், இப்பத்தானே வந்திருக்காரு” என்பார், இரண்டு மூன்று மாதம் கழித்து, யாரும் கேட்காத ஒரு சாயங்காலத்தில் அவராகவே, “அந்த ஆளு பரவாயில்ல, விஷயம் தெரிஞ்சுதான் எழுதுறாரு” என்பார், அதற்குள் கேட்டவர்கள் கேட்டதையே மறந்திருப்பார்கள்.

தொடரில் வரும் ‘டொலிடோ ட்ரூத் டெல்லர்’ ஒகாயோ மாநிலத்தின் டொலிடோ நகரத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பத்திரிகை, அதை நடத்தும் நிறுவனத்துக்குக் கழிப்பறைக் காகிதம்தான் பெரிய வியாபாரம், டோனல் கிளீசன் நடிக்கும் நெட் என்பவன் கனவோடு ஆசிரியராக வந்து சேர்கிறான், நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, அதனால் கணக்கு எழுதுகிறவர்களும் விற்பனை பார்க்கிறவர்களும் தாமாக முன்வந்து செய்தி சேகரிக்கப் பழகுகிறார்கள். பக்கம் கோக்கும் மேர் என்ற இளம்பெண் திரை முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அச்சாபீஸ் நினைவுக்கு வந்தது, கூரைக் கண்ணாடி வழியே விழும் ஒரு பத்தை வெளிச்சம், ஈய எழுத்துகளைக் கழுவும் மண்ணெண்ணெய் வாடை, டிரெடில் மிஷின் ஓய்ந்ததும் கேட்கும் கம்பாசிட்டரின் இருமல், அவர் எழுத்துகள் அடுக்கிய கேஸைப் பார்க்காமலே விரல் நுனியால் வேண்டியதைத் தேடி எடுப்பார்.

அங்கே ஒரு பையன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான், ணகரம் இருக்க வேண்டிய அறையில் னகரத்தைப் போட்டுவைப்பான், கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் பேரையே மாற்றிக் கோத்தான், முதலாளி அவனை அனுப்பிவிடலாம் என்றபோது கம்பாசிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பையன் கையி இன்னும் கேஸுக்குப் பழகலீங்க முதலாளி, பொங்கல் வரைக்கும் பார்ப்போம்” என்றார், பையன் இருந்தான், அடுத்த கோடை விடுமுறையில் நான் போனபோது அவனும் கேஸைப் பார்க்காமல் கோத்துக்கொண்டிருந்தான்.

அலுவலகக் கதையும் அந்தப் பையனைப் போலத்தான், பழகினால்தான் பிடிபடும். 1970-இல் சிபிஎஸ் ஒளிபரப்பிய ‘தி மேரி டைலர் மூர் ஷோ’, மினியாபொலிஸில் ஒரு செய்தி அறைக்கு வேலைக்கு வரும் முப்பது வயதுப் பெண்ணின் கதை, தொடக்கத்தில் அதைக் குறைத்து எழுதியவர்கள் உண்டு, ஏழு பருவம் ஓடி 29 எம்மி விருதுகளோடு 1977-இல் நின்றது. 2001-இல் பிபிசியில் வந்த ‘தி ஆபீஸ்’ தொடரை கிரெக் டேனியல்ஸ் அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி 2005 மார்ச்சில் என்பிசியில் கொண்டுவந்தபோது, முதல் பகுதி பெரும்பாலும் ஆங்கிலேய வசனத்தையே பின்பற்றியது, நகல் என்று பலர் ஒதுக்கினார்கள், ஆறே பகுதிகளில் முதல் பருவம் முடிந்தது, இரண்டாம் பருவத்தில் ஸ்டீவ் கரெலின் மேலாளர் பாத்திரத்தில் கொஞ்சம் ஈரம் சேர்ந்தது, அடுத்த ஆண்டே சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி கிடைத்தது, ஒன்பது பருவம், 2013 வரை. டேனியல்ஸே மைக்கேல் ஷூரோடு சேர்ந்து 2009-இல் தொடங்கிய ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடருக்கும் முதல் ஆறு பகுதிகளில் அதே பேச்சுத்தான் கிடைத்தது, ‘ஆபீஸி’ன் நிழல் என்று, பிறகுதான் அது தன் குரலைக் கண்டுகொண்டது.

அந்த அவகாசத்தைத் தந்தது வாரத்துக்கு ஒரு பகுதி என்ற கணக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. சித்தப்பா வீட்டில் தூர்தர்ஷனின் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குத் தெருவே வந்து உட்காரும், ஈரத் தலையும் விபூதியுமாக ஒரு பாட்டி எப்போதும் சுவரோரம் சாய்ந்திருப்பார், நாடகம் முடிந்ததும் ஒன்றும் சொல்லமாட்டார், வெள்ளிக்கிழமை குழாயடியில் வைத்து, “அந்த மருமக பொண்ணு அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்று ஆரம்பிப்பார், மூன்று நாள் மனத்தில் கிடந்து ஊறிய பிறகு வரும் விமர்சனம் அது.

‘தி பேப்பர்’ தொடரை உருவாக்கியவர்கள் அதே கிரெக் டேனியல்ஸும் மைக்கேல் கோமனும், ‘ஆபீஸி’ல் கணக்காளராக வந்த ஆஸ்கர் இதிலும் இருக்கிறார், அதனால் ஒப்பிடுவது தவிர்க்க முடியாததுதான், விமர்சகர்கள் பெரும்பாலும் நல்லவிதமாகவே எழுதினார்கள், கிளீசனைப் பாராட்டினார்கள், மென்மையாக இருக்கிறது, பழைய கூர்மை இல்லை என்றார்கள். குறை அவர்களுடையது அல்ல, பத்துப் பகுதிகளும் ஒரே நாளில் வந்து விழுந்தன, தீர்ப்பும் அந்த வேகத்தில் வரவேண்டியிருந்தது, படிக்கிற நமக்கும் பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் தெரிந்தாக வேண்டியிருக்கிறது, பிடித்ததோ இல்லையோ மறுவாரம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் இரண்டு பகுதிகளோடு நிறுத்திவிட்டு, எல்லா விமர்சனங்களையும் படித்துவிட்டு, சுமாரான தொடர் என்று முடிவுகட்டியிருந்தேன், இப்போது வாரத்துக்கு ஒன்றாக மீண்டும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், நெட்டின் தயக்கமும் மேரின் பொறுமையும் இடையில் வரும் ஆறு நாட்களில்தான் எனக்குள் வளர்கின்றன. முதல் பருவம் வெளியாவதற்கு முன்பே இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டுவிட்டது, தொடரை எடுக்கிறவர்கள் தங்கள் ஆட்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டார்கள், முதல் நாளில் எழுதிய விமர்சகர்களுக்கும் ஏதாவது ஒரு பத்திரிகை அந்த அவகாசத்தைக் கொடுத்து, ஓராண்டு கழித்து அதே தொடரைப் பற்றி இன்னொரு முறை எழுதச் சொல்ல வேண்டும், அந்த இரண்டாவது விமர்சனத்தைத்தான் நான் நம்புவேன்.