நாலரைக் கிலோ மால்ட்டும் முப்பது லிட்டர் தண்ணீரும்

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் சோதனைப் பெட்டி அது. சின்னக் குப்பியில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர், அதில் சில சொட்டுச் சாயம். தண்ணீர் நீலப் பச்சையாகிறது. சிரிஞ்சிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குப்பியைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறார் அவர். நிறம் சட்டென்று ஆரஞ்சுக்கு மாறியதும் சிரிஞ்சில் மீதி எவ்வளவு என்று பார்த்து, அட்டவணையில் விரலை ஓட்டி, குறிப்பேட்டில் எழுதுகிறார்: 240. அந்த வீட்டில் மீன் கிடையாது. அவருக்குப் பீர் காய்ச்ச வேண்டும்.

கிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில், லீ ஆற்றங்கரை நீர்த்தேக்கங்களுக்கு அருகே இருக்கிறது வீடு. சுரங்க ரயிலில் மின் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை சமையலறையைக் காலையிலேயே மனைவியிடமிருந்து கைப்பற்றிவிடுவார். நான் போனபோது அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. மால்ட் மூட்டை கட்டவிழ்க்கப்படவில்லை. பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் ஃப்ரீஸரில் இருந்தது. ஒரு மணி நேரமாகத் தண்ணீரோடுதான் அவருக்கு வேலை.

240 என்பது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் தண்ணீரின் காரத்தன்மை. லண்டனுக்குத் தண்ணீர் பெரும்பாலும் தேம்ஸிலிருந்தும் லீயிலிருந்தும் வருகிறது. இரண்டும் சுண்ணாம்புக் குன்றுகளின் ஊற்றுகளை வாங்கி வரும் ஆறுகள். குடிப்பதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. தேநீர்க் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், அவ்வளவுதான். பீருக்கு அந்தப் பொருக்குதான் தொல்லை. மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, நொறுக்கி 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், பார்லியிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்த ஊறலின் பிஎச் 5.2க்கும் 5.6க்கும் இடையில் நின்றால் வேலை ஒழுங்காக நடக்கும். தண்ணீருக்குக் காரத்தன்மை தரும் பைகார்பனேட் அதை மேலே இழுக்கிறது. மேலே போனால் சர்க்கரை குறையும்; சக்கையை அலசும்போது உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்; ஹாப்ஸின் கசப்பு முரடாகும்.

கறுத்த பீருக்கு இந்தத் தொல்லை குறைவு. வறுத்த மால்ட் தானே அமிலத்தன்மை உடையது. தண்ணீரின் காரத்தை அது சரிக்கட்டிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் போர்ட்டர் என்னும் கறுத்த பீருக்குப் பேர்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். அன்று காய்ச்சியவர்களுக்கு வேதியியல் தெரியாது. எது நன்றாக வந்ததோ அதையே திரும்பக் காய்ச்சினார்கள். பிஎச் என்ற அளவுகோலே 1909இல்தான் வந்தது. அதைத் தந்த சோரன்சென் வேலை பார்த்ததும் ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான், கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க்கில்.

இன்று அவர் காய்ச்சப்போவது வெளிர் நிற ஏல் வகைப் பீர். அதற்குக் காரத்தன்மை முப்பதை ஒட்டி இருந்தால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து, பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே விற்கும் திரவத்தைக் கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிறார். முப்பது லிட்டருக்கு ஏறக்குறைய 34 மில்லிலிட்டர். ஊற்றியதும் பாத்திரம் சோடாபோல மெல்லப் பொரிகிறது. பைகார்பனேட் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. நன்றாகக் கிளறி, பொரிவது அடங்கும்வரை விட்டு, மறுபடியும் சிரிஞ்சும் குப்பியுமாக உட்கார்ந்து அளக்கிறார். ஒருமுறை அளந்ததை நம்பி விட்டுவிடும் ஆள் இல்லை. தண்ணீர் நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் இருப்பது பல நாள் சராசரி, தனக்கு வேண்டியது இன்று காலைத் தண்ணீர் என்கிறார்.

அமிலத்துக்கு முன்பே இன்னொரு காரியம் முடிந்திருந்தது. கேம்ப்டன் மாத்திரையில் பாதியை ஸ்பூனின் பின்புறத்தால் பொடித்துத் தண்ணீரில் தூவியிருந்தார். சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டில் செய்த மாத்திரை அது. இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் 1920களில் பழங்களைப் பதப்படுத்துவதற்காக உருவானது. முழு மாத்திரை எழுபத்தைந்து லிட்டருக்குப் போதும். விலையோ சில பென்ஸ். வீட்டில் பீர் காய்ச்சுவோர் வாங்கும் பளபளப்பான கருவிகள் எல்லாவற்றையும்விட இந்த மாத்திரைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

ஏன் என்பது அந்த வாரம் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடிய வீட்டுப் பீர்க்காரர்கள் நடுவே தெரிந்தது. ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுவந்து, ஊற்றிச் சுற்றுக்கு விட்டு, தயவுதாட்சண்யம் இல்லாமல் கருத்துச் சொல்வார்கள். ஓர் இளைஞரின் கோதுமைப் பீர் வந்தது. பார்க்க அழகு, வாயில் வைத்தால் ஆஸ்பத்திரி. காயத்துக்குப் போடும் மருந்தின் வாடை. முதல் மிடறிலேயே மூன்று பேர் ஒரே குரலில் கேட்டார்கள்: “மாத்திரை போட்டாயா?” அவர் போடவில்லை. தண்ணீரை முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்திருந்தாராம். குளோரின் பறந்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறார்.

குளோரின் பறக்கும். ஆனால் நீண்ட குழாய்களில் கிருமிநாசினி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பல நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவைச் சேர்த்துக் குளோரமைனாக விடுகிறார்கள். அது ஓர் இரவில் பறக்காது. கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். உண்டான பிறகு எடுக்க வழியில்லை. கரி வடிகட்டி பிடிக்கும், ஆனால் தண்ணீர் மெலிந்த ஓட்டமாகப் போனால்தான். குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் குளோரின் அகப்படும், குளோரமைன் தப்பிவிடும். மாத்திரை சில நிமிடங்களில் இரண்டையும் முடித்துவிடுகிறது.

அதே கூட்டத்தில் ஒரு பெண்மணி, பள்ளியில் வேதியியல் ஆசிரியை, நேர் எதிரான வழிக்காரர். சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஆர்.ஓ. வைத்திருக்கிறார். சென்னை வீடுகளில் இருப்பதைப்போன்றதுதான். முன்னால் கரி, பின்னால் சவ்வு. கரி இல்லாவிட்டால் குளோரின் சவ்வை அரித்துவிடும். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத தண்ணீரை எடுத்து, வேண்டிய உப்புகளைத் தராசில் நிறுத்துப் போடுகிறார். ஜிப்சம் போட்டால் சல்ஃபேட், அது ஹாப்ஸின் கசப்பை நறுக்கென்று நிறுத்தும். கால்சியம் குளோரைடு போட்டால் வாய்க்குத் திரட்சி. ஜிப்சம் கரைய நேரமாகும். கால்சியம் குளோரைடோ டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிந்துவிடும், நிறை தப்பும். கணக்கு சுத்தம். ஆனால் ஒரு லிட்டர் எடுக்கப் பல லிட்டர் சாக்கடைக்குப் போகிறது என்று வால்தம்ஸ்டோக்காரர் அவரைச் சீண்டாத கூட்டமில்லை.

ஜிப்சத்தின் பெருமை மத்திய இங்கிலாந்தின் பர்ட்டன் அப்பான் ட்ரென்ட்டில் தொடங்குகிறது. அங்குள்ள பீர் ஆலைகள் ட்ரென்ட் ஆற்றில் எடுக்காமல், ஜிப்சப் படுகைகளினூடே ஊறிய கிணறுகளில் தண்ணீர் எடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் கப்பலேறிய வெளிர் ஏல்களில் பெரும்பகுதி அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டு, வேதியியலாளர்களைப் பிடித்து, தங்கள் தண்ணீரிலும் ஜிப்சம் கரைத்தார்கள். மறுகோடியில் போஹிமியாவின் பில்சன். 1842இல் பொன்னிற லாகர் பிறந்த அந்த ஊரில் தண்ணீரில் உப்பு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை.

இதை வைத்து வீட்டுப் பீர்க்காரர்கள் ஊர் ஊராக அட்டவணை போட்டுக்கொண்டார்கள்: பர்ட்டனுக்கு இவ்வளவு சல்ஃபேட், டப்ளினுக்கு இவ்வளவு பைகார்பனேட். எனக்கு இந்த அட்டவணைகளில் நம்பிக்கை இல்லை. டப்ளின் நகரக் கடினத் தண்ணீர்தான் ஸ்டவுட் என்னும் கறுத்த பீருக்கு உகந்தது என்று எழுதிவைத்தவர்கள், கின்னஸ் ஆலைக்கு விக்லோ மலைகளின் மென்மையான தண்ணீர் வருவதைக் கவனிக்கவில்லை. ஊர்த் தண்ணீரை அப்படியே ஊற்றிக் காய்ச்சிய ஆலைகள் குறைவு. கொதிக்க வைத்துச் சுண்ணாம்பை இறக்குவது பழைய வழக்கம். ஊரின் எண்களைப் பிடித்தால் குழாயில் வந்தது கிடைக்கும். ஆலைக்காரர் அதை என்ன செய்தார் என்பது கிடைக்காது.

வால்தம்ஸ்டோக்காரர் அந்த அட்டவணை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. லண்டன் தண்ணீரில் கால்சியம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அமிலத்திலேயே சல்ஃபேட்டும் குளோரைடும் வந்துவிடுகின்றன. மேலே ஒரு டீஸ்பூன் ஜிப்சம் மட்டும் போடுகிறார். இதெல்லாம் சட்டப்படி செய்யக் கிடைத்த சுதந்திரம் அவருடைய சிறுவயதில் வந்தது: 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது, 1963இல் அதை நீக்கினார்கள். விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இதே பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் மதுவிலக்குச் சட்டம் வீட்டுக் கதவைத் தட்டும்.

நாலரைக் கிலோ மால்ட் உள்ளே போய்ப் பதினைந்து நிமிடம் ஆனதும், ஒரு கரண்டி ஊறலை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றினார். சூடாக அளந்தால் கருவி தப்புச் சொல்லும், அதன் ஆயுளும் குறையும். திரையில் 5.41. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் 5.8ஐத் தாண்டியிருக்கும் என்றார். அடுத்த மாதம் போர்ட்டர். அதற்கு அமிலம் கால்வாசி போதும், மாத்திரை மட்டும் அதே பாதி என்று சொல்லிக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டு, சக்கையை அலசுவதற்கான மீதித் தண்ணீரை அடுப்பில் ஏற்றினார்.